சூடு எங்கே வேண்டும்

மே மாதத்துச் சென்னையில், சமையலறை அலமாரியில் இருக்கும் மைதா டப்பாவுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 32 டிகிரி காட்டும். அறைக்குள் 33. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மத்தியானம் குழாயைத் திறந்தால் யாரோ வெந்நீர் போட்டு வைத்திருப்பதுபோல் இருக்கும். ரொட்டிக்கான மாவு, பிசைந்து முடிக்கும்போது 25 டிகிரி வாக்கில் இருப்பது நல்லது. அதற்குப் பேக்கரிக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதில் மாவின் சூட்டையும் அறையின் சூட்டையும் கழித்தால் மிச்சம் 10. பிசைவதால் ஏறும் சூட்டுக்கென்று இன்னொரு எண்ணைக் கழிக்க வேண்டும். கையால் பிசைகிறவருக்கு அது 3. ஊற்ற வேண்டிய தண்ணீர் 7 டிகிரி, அதாவது பிரிட்ஜ் தண்ணீர். மிக்சரில் போடுகிறவருக்கு அது 13 வரை போகும். விடை மைனஸ் 3.

மைனஸ் மூன்றில் தண்ணீர் எங்கும் ஊற்றக் கிடைக்காது. ஐஸ்தான் போட வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு 650 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதில் கிட்டத்தட்ட 200 கிராம் ஐஸாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தபிறகு, எந்த மிக்சர் வாங்கலாம் என்ற கேள்வியை நான் வேறு பக்கமிருந்துதான் பார்க்கிறேன். கடைக்காரர் வாட் சொல்கிறார், லிட்டர் சொல்கிறார், எத்தனை வேகம் என்கிறார், கூட என்னென்ன இலவசம் என்கிறார். இது மாவை எவ்வளவு சூடாக்கும் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட ரொட்டிப் புத்தகங்கள் புளிக்கவைப்பதற்கு வீட்டில் கதகதப்பான மூலை ஒன்றைத் தேடச் சொல்கின்றன. பிசையும்போது நாலு டிகிரி ஏறினால் அவர்களுக்கு அது லாபம். நமக்கு வீடு முழுக்கவே அந்த மூலைதான். ரொட்டிக்குப் பெருஞ்சூடு கடைசியில், அடுப்புக்குள் வேண்டும். நம் வீடுகளிலோ பிசையும்போதே மாவு சூடாகிவிடுகிறது. அடுப்புக்குப் போனால் அங்கே சூடு போதவில்லை. கருவி என்று ஒன்றை வாங்கினால் இந்தத் தலைகீழை நேராக்குவதற்காக வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

மிக்ஸியில் உளுந்து அரைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐஸ் தண்ணீர் தெளித்து, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். ஒரே மூச்சாக ஓட்டினால் ஜாரின் அடி சுடும், மாவு பொங்காது, இட்லி கல்லாகும். கிரைண்டரில் கருங்கல் நிதானமாக உருளுகிறது. மாவு குளிர்ச்சி கெடாமல் பொங்கி மேலே வருகிறது. வேகத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை நம் வீட்டுப் பெண்கள் விரலை மாவில் விட்டே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளுட்டனாகின்றன. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கும் வலை அது. பிசைவது அந்த வலையை இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலை. அவசரமாக முடிக்க வேண்டுமானால் நிறைய விசை வேண்டும். போட்ட விசையில் பெரும்பகுதி சூடாகத்தான் மாவில் தங்கும். இதன் உச்சத்தை 1961இல் இங்கிலாந்தில் தொட்டார்கள். சோர்லிவுட் என்ற ஊரிலிருந்த பேக்கரி ஆராய்ச்சி நிலையம், ஒரு கிலோ மாவுக்குள் 11 வாட்-மணி ஆற்றலைச் சில நிமிடங்களிலேயே செலுத்திவிடும் முறையை உருவாக்கியது. அந்த ஆற்றல் மாவின் சூட்டைச் சுமார் 14 டிகிரி உயர்த்தப் போதுமானது. கூடவே அஸ்கார்பிக் அமிலமும் கெட்டிக் கொழுப்பும் சேர்த்தார்கள். புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையிலேயே ரொட்டி எழும்பியது. மணிக்கணக்கில் புளிக்கவைக்கும் இடமும் நேரமும் மிச்சமாயின. இன்றைக்கும் அந்த நாட்டின் ரொட்டியில் பெரும்பங்கு இந்த வழியில்தான் செய்யப்படுகிறது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பிரான்சில், ரேமோன் கல்வெல் என்ற ரொட்டிப் பேராசிரியர் இதே அவசரத்தின் இன்னொரு விளைவைக் கவனித்தார். 1950களின் பிற்பகுதியிலிருந்து அங்கே மாவை வேகமாகவும் நெடுநேரமும் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அடிக்க அடிக்க மாவுக்குள் ஆக்சிஜன் ஏறுகிறது. கோதுமைக்கு இளமஞ்சள் நிறத்தையும் மணத்தில் ஒரு பங்கையும் தரும் கரோட்டினாய்டுகள் வெளுத்துப்போகின்றன. ரொட்டி பெரிதாகவும் பளீர் வெள்ளையாகவும் ஆயிற்று, ருசி போயிற்று. கல்வெல் 1974 வாக்கில் ஒரு மாற்றுச் சொன்னார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும்; பிறகு உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துக் கொஞ்சம் பிசைந்தால் போதும். சும்மா கிடக்கும் நேரத்தில் வலை தானாகவே பாதி பின்னிக்கொள்கிறது.

நம் ஊரில் சதுர வெள்ளை ரொட்டி வெகுகாலம் காய்ச்சல்காரர்களின் சாப்பாடாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ஹார்லிக்ஸும் இருக்கும். மணமில்லாத, பல்லுக்கு வேலை வைக்காத ஒன்றை நோயாளிக்குத்தான் கொடுக்கலாம் என்று ஜனங்கள் சரியாகவே முடிவு செய்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வேகமாக அடிக்கப்படும் மாவு தாக்குப்பிடிக்க வேண்டுமென்று இங்கே ரொட்டியில் பொட்டாசியம் புரோமேட்டும் சேர்த்துவந்தார்கள். 2016இல் அதற்குத் தடை வந்தது.

இயந்திரங்களுக்கு வருகிறேன். இன்று வீட்டு மிக்சர் என்றாலே நினைவுக்கு வரும் உருவம், கீழே நிலையாக நிற்கும் கிண்ணமும் மேலே குனிந்திருக்கும் தலையும். அதன் மூதாதை அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹோபார்ட் கம்பெனியில் பிறந்தது. 1908இல் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர், ஒரு ரொட்டிக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினார் என்று கதை. துடுப்பு தன்னைத்தானே ஒரு திசையில் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தை எதிர்த்திசையில் வலம் வரும். தானும் சுற்றிக்கொண்டு வலமும் வருவது, கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல. அதனால்தான் பேக்கரிகளில் இதைப் 'பிளானட்டரி' என்கிறார்கள். 1919இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கு வந்த முதல் இயந்திரம் சுமார் 30 கிலோ எடை. விலை 189 டாலர் 50 சென்ட், அன்றைக்குப் பெரிய தொகை.

முட்டை நுரைக்க, கிரீம் அடிக்க, கேக் மாவு கலக்க இந்த அமைப்புக்கு இணை கிடையாது. ரொட்டி மாவுக்கு மட்டும் இது பொருத்தமில்லாத சம்பந்தம். பிசையும் கொக்கியைச் சுற்றிக்கொண்டு மாவு மேலே ஏறும். ஏறிய மாவு பிசைபடாமல் கொக்கியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். தலை ஆடும். மோட்டார் உறுமும். கரண்டியால் தள்ளி இறக்கிவிட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபடி ஏறிவிடும். இதற்கிடையில் உராய்வு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பெரிய பேக்கரிகளில் ரொட்டிக்கென்று தனியாக 'ஸ்பைரல்' வைத்திருப்பது இதனால்தான். அதில் கிண்ணமே சுழன்று மாவைச் சுருள்கொக்கியிடம் கொண்டுவருகிறது; கொக்கி ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது, மீதி மாவு இளைப்பாறுகிறது. சூடு குறைவு. ஆனால் அதில் கிரீம் அடிக்க முடியாது. கேக்கும் வேண்டும் ரொட்டியும் வேண்டும் என்கிற வீட்டுக்குப் பிளானட்டரிதான் வாய்க்கும், முதல் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்ற சங்கல்பத்தோடு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் ஊரில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். 1940இல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனிக்காக ஆல்வர் லென்னிங் வடிவமைத்தது. அங்கர்ஸ்ரும் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. மோட்டார் கீழே. அதன்மேல் ஒரு எஃகுப் பாத்திரம் சுழல்கிறது. பாத்திரத்துக்குள் பக்கச்சுவரை ஒட்டி ஓர் உருளை, எதிரே ஒரு வழிப்பான். மாவு உருளைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி, விரிந்து, வழிப்பானில் பட்டுத் திரும்பி, மறுபடி உருளையிடம் வருகிறது. பாத்திரம் சுற்றும், உருளை தன் இடத்திலேயே உருளும், வழிப்பான் சுவரை வழித்துவிட்டுக்கொண்டே இருக்கும். எஃகுக்குப் பதில் கருங்கல்லைப் போட்டால் இது நம் மேஜைக் கிரைண்டர்தான். கோயம்புத்தூரும் ஸ்டாக்ஹோமும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யவில்லை. ஒட்டும் மாவை, குறைந்த வேகத்தில், சூடேறாமல் புரட்டிப் புரட்டி நசுக்க வேண்டும் என்ற தேவை இரண்டு இடங்களிலும் ஒரே உருவத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

புவிசார் குறியீடு வாங்கிய நம் கோவை கிரைண்டருக்குத் தேங்காய்த் துருவியோடு, சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பு ஒன்றையும் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அது அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வந்திருக்காது. கல்லைத் தூக்கிவிட்டு அதைப் பொருத்தி, அரைக் கிலோவுக்கு உட்பட்ட மாவைப் போட்டால் ரொட்டிக்கான முதல் கலவையை நன்றாகவே செய்கிறது. மாவு கெட்டியானால் பெல்ட் வழுக்கி டிரம் நின்றுவிடும்; ஆகவே இளக்கமாகத் தொடங்க வேண்டும். ரொட்டி சுடுவது பழக்கமாகுமா என்று இன்னும் தெரியாதவர்கள் பெரிய மிக்சர் வாங்குவதற்குமுன் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பார்க்கலாம். இப்படி ஒரு நல்ல யோசனையைச் செய்துவிட்டு, அதை ரொட்டி மாவு தாங்கும் உறுதியோடு செய்யாமல் விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வாட் விஷயம் ஒன்று பாக்கி. அட்டையில் 1200 வாட் என்று போட்டிருப்பது மோட்டார் குடிக்கும் மின்சாரம். மாவுக்குப் போய்ச்சேரும் விசை அதுவல்ல. ஒரு பகுதி மோட்டாரையே சூடாக்கிவிட்டுப் போகிறது. குறைந்த வேகத்தில் எவ்வளவு இழுக்கும், பல்சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, இயந்திரம் என்ன கனம் என்பவைதான் முக்கியம். கனமில்லாத இயந்திரம் மேடைமேல் நடந்துபோய் ஒருநாள் கீழே குதிக்கும். கையேட்டில் அதிகபட்ச மாவு என்று ஓர் எண் இருக்கும்; அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வரும் மிக்சர்கள் வேறு ரகம். அவை 120 வோல்ட் இயந்திரங்கள், நம்முடையது 230. இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். செங்கல் கனத்தில், ரீங்காரமிட்டுக்கொண்டு, மிக்சரின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் தானே செய்யும் ரொட்டி இயந்திரத்தின் கதை மேலாண்மைக் கல்லூரிகளில் பிரசித்தம். 1985இல் ஒசாகாவின் மட்சுஷிடா கம்பெனி அதை உருவாக்க முயன்றபோது பொருக்கு கருகி, உள்ளே வேகாமல் நின்றது. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர், ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை பழகினார். ரொட்டிக்காரர் மாவை ஒரு தனி விதமாக முறுக்கி இழுப்பதைத் தனாகா கண்டுகொண்டார். அந்த இழுப்பைக் கொண்டுவர இயந்திரத்துக்குள் புடைப்புகள் வைத்தார்கள். 1987இல் இயந்திரம் கடைக்கு வந்தது. கைக்குத் தெரிந்ததை இயந்திரத்துக்குள் இறக்கியதற்கு உதாரணமாக மேலாண்மை அறிஞர் இக்குஜிரோ நோனாகா இதை எழுதினார். 2007இல் ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். ரொட்டிக்காரரின் திறமை எதுவும் இயந்திரத்துக்குள் போய்விடவில்லை; அளந்து போடுவதும், மாவுக்கேற்றாற்போல் மாற்றுவதும், வந்த ரொட்டியில் குறையைப் பொறுத்துக்கொள்வதும் இன்னமும் மனிதர்கள் செய்வதுதான் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம்.

ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஜப்பானின் கோடையில் மாவு அளவுக்கு மீறிப் புளித்தது. குளிரூட்டும் பாகம் ஒன்றைச் சேர்த்தால் விலை ஏறிவிடும். ஆகவே ஈஸ்ட்டைத் தனியே வைத்திருந்து, பிசைதலின் பிற்பகுதியில் சேர்க்கும் வழியைப் பிடித்தார்கள். சூட்டைக் குறைக்க முடியாதபோது, சூட்டில் ஈஸ்ட் இருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். நம் வீடுகளிலும் இதைக் காசில்லாமல் செய்யலாம்: முதலில் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்து, பிரிட்ஜில் அரைமணி வைத்து, அதன்பின் ஈஸ்ட் சேர்ப்பது. கல்வெல் சொன்னதும் மட்சுஷிடா செய்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

குளுட்டனைப் பற்றிப் படிக்காமலே அதைக் கரைத்துக் குடித்தவர்கள் நம் பரோட்டா மாஸ்டர்கள். விருதுநகர்ப் பக்கம் ஒரு கடையில் சாயந்திர வியாபாரத்துக்கு மாவு தயாராவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. மைதாவைக் குவித்து நடுவே குழி பறித்து, உப்பும் தண்ணீரும் விட்டு, மாஸ்டர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளிப் பிசைந்தார். தோள் முன்னே போய் இடுப்பு பின்னே வரும் வேலை. மாவு இன்னும் சொரசொரப்பாக இருக்கும்போதே நிறுத்திவிட்டு, ஈரத்துணி போட்டு மூடினார். "இன்னும் சேரலியே" என்றேன். "இனிமே அதுவா சேரும் சார். இப்ப போட்டு அடிச்சா மொரண்டு புடிக்கும்" என்றார். டீ குடித்துவிட்டு வந்து துணியை எடுத்தபோது அதே மாவு வழுவழுவென்று வேறு பொருளாகக் கிடந்தது. விரலால் அமுக்கினால் மெதுவாக எழுந்தது. உருண்டை பிடித்து எண்ணெயில் புரட்டி மறுபடி ஊறவிட்டார். வீசும் நேரத்தில் ஒவ்வொரு உருண்டையும் பின்னால் இருக்கும் எண்ணெய் டின்னின் எழுத்து தெரிகிற அளவுக்கு விரிந்தது, கிழியவில்லை. மேலைநாட்டு ரொட்டிக்காரர்கள் மாவு பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு துண்டை விரல்களால் சவ்வாக இழுத்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். அந்தச் சோதனையை இவர் ராத்திரி பதினோரு மணிவரை மேஜை அகலத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கடையின் பின்கட்டில் மாவு பிசையும் மெஷின் ஒன்றும் இருந்தது. விசேஷ நாட்களில் ஓட்டுவார்களாம். ஐஸ் போடுவீர்களா என்று கேட்டேன். "ஐஸ் போடாம எப்படி சார்" என்றார், பால் சேர்க்காமல் டீ போடுவாயா என்று கேட்டதுபோல.

பிசையாத ரொட்டி என்று ஒன்று 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வழியாக உலகம் சுற்றியது. ஜிம் லாஹே என்ற ரொட்டிக்காரரின் முறை. மார்க் பிட்மன் எழுதினார். கால் டீஸ்பூன் ஈஸ்ட், நிறையத் தண்ணீர், கரண்டியால் ஒரு கலக்கு, 12 முதல் 18 மணி நேரம் மூடிவைப்பது. காலமே பிசைந்துவிடும், மிக்சரே தேவையில்லை. அருமையான முறைதான், ஆனால் அது 21 டிகிரி அறைக்குச் சொன்னது. 32 டிகிரி அறையில் அந்தப் பதினெட்டு மணி நேரத்தைக் கடைப்பிடித்தால் மூடியைத் திறக்கும்போது கள்ளுக்கடை வாடை அடிக்கும்; வலை அறுந்து மாவு கூழாகியிருக்கும். கலந்து ஒரு மணி நேரம் வெளியே, பிறகு ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் என்று மாற்றிக்கொண்டால் அது நம் ஊர் முறையாகிவிடுகிறது. நடுவில் இரண்டு மூன்று முறை ஈரக்கையால் மாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மடித்துப்போட்டால் போதும். குளிரில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும். குளுட்டன் பின்னுவது நிற்காது. புளிப்பும் மணமும் பதமாக ஏறும். நம் தட்பவெப்பத்தில் ரொட்டி சுடுகிறவருக்கு உள்ள மிக முக்கியமான இயந்திரம் ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் தோசைமாவுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. மிக்சருக்கு வைத்திருக்கும் காசில் பிரிட்ஜின் ஒரு தட்டைக் காலிசெய்து தரச்சொல்லி வீட்டாரை வழிக்குக் கொண்டுவர முடிந்தால் நல்ல பேரம்.

இனி அடுப்பு. ஓடிஜி என்று நாம் வாங்குவது மெல்லிய தகரப்பெட்டி. குமிழில் 250 என்று எழுதியிருக்கும். உள்ளே தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உறவே இல்லாமல் இருப்பது சகஜம். கதவைத் திறந்து மாவை வைப்பதற்குள் சூட்டுக்காற்று வெளியே வந்து நம் முகத்தைச் சுட்டுவிட்டுப் போய்விடும். மாவு உள்ளே போன முதல் பத்து நிமிடங்களில்தான் ரொட்டி எழும்ப வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பு தன் சூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

காற்று சூட்டைச் சேமிக்கும் பொருளே அல்ல. 40 லிட்டர் அடுப்புக்குள் இருக்கும் சூட்டுக்காற்றின் மொத்த எடை முப்பது கிராம்கூட வராது. அதற்குள் ஒரு 3 கிலோ வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை வைத்து முக்கால் மணி நேரம் காயவிட்டால், அந்தக் கல் வைத்திருக்கும் வெப்பம் காற்று முழுக்க வைத்திருப்பதைப்போல ஏறத்தாழ 50 மடங்கு. கதவைத் திறந்தாலும் அது ஓடிப்போகாது. மாவை நேரே அதன்மேல் இறக்கினால் அடியிலிருந்து சூடு தாக்கி ரொட்டி துள்ளி எழும்பும். யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளின் பழைய போறணை அடுப்புகளில் விறகை உள்ளேயே எரித்து, செங்கல்லைச் சூடாக்கி, தணலை இழுத்துவிட்டுத்தான் பாணை, அதாவது ரொட்டியை, அடுக்குவார்கள். பாணை வேகவைப்பது நெருப்பு அல்ல, சுவர். நம் தகரப்பெட்டிக்குச் சுவர் கிடையாது. தோசைக்கல்தான் அதற்கு நாம் கட்டிக்கொடுக்கும் சுவர்.

இந்தத் திண்டாட்டம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்ட் 1960களில் கல்வெல்லிடமே போய் பிரெஞ்சு ரொட்டி கற்று, அதை அமெரிக்க வீட்டு அடுப்புக்குக் கொண்டுவரப் படாதபாடு பட்டார். அவர் கணவர் பால் சைல்ட், அடுப்புத் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஓட்டைப் பரப்பிப் பார்த்தார்; நன்றாக வேலை செய்தது. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்று ஜூலியாவின் சமையல் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் தெரியவர, சாதாரணச் செந்தரை ஓடாக மாற்றினார்கள். ஆவிக்காக, நன்றாகக் காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தட்டில் போட்டார்கள்.

ஆவி இன்னொரு தேவை. ஆரம்பத்தில் மாவின் மேல்பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது இளகி விரியும்; சீக்கிரம் காய்ந்தால் பொருக்கு இறுகி, ரொட்டி கண்ட இடத்தில் வெடிக்கும். மூடியுள்ள கனத்த இரும்புப் பாத்திரம் ஒன்றைக் காயவைத்து அதற்குள் மாவை வைத்தால், மாவிலிருந்து கிளம்பும் ஆவியே போதும். லாஹேயின் முறையில் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிவது பிசையாமல் விட்டது அல்ல, இந்தப் பாத்திரம். அது இல்லாதவர்கள் தோசைக்கல்மேல் மாவை வைத்து, கனத்த இரும்புச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடலாம். பதினைந்து, இருபது நிமிடத்துக்குப்பின் சட்டியை எடுத்துவிட்டால் பொருக்கு சிவக்கத் தொடங்கும். கைக்கு இரண்டு மடிப்புத் துணி போதாது. தடித்த கையுறை வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. கிராம் காட்டும் எலெக்ட்ரானிக் தராசு கட்டாயம், ஏனென்றால் கப் அளவில் மைதாவும் ஆட்டாவும் ஆளுக்கு ஆள் மாறும். சக்கியில் அரைத்த ஆட்டா மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று: பிசைந்த மாவில் 25, வெந்த ரொட்டியின் நடுவில் 95க்கு மேல். மாவு எழும்புவதற்கு வெளிநாட்டுப் பிரம்புக்கூடை தேடி அலைய வேண்டாம். நம் மூங்கில்கூடையில் பழைய வேட்டித்துண்டை விரித்து அரிசிமாவு தூவினால் ஒட்டவே ஒட்டாது. அரிசியில் குளுட்டன் இல்லை. மேலே கீறிவிட சவர பிளேடு போதும்.

கருவியால் தீராத ஒன்று உண்டு. கடலோர ஊர்களில், அடுப்பிலிருந்து எடுக்கும்போது சடசடவென்று பேசும் பொருக்கு, சாயந்திரத்துக்குள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தோலாகிவிடுகிறது. கோவையிலும் மதுரையிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் முடியாது. பையில் போட்டு மூடினால் இன்னும் மோசம். ஆகவே காலையில் சுட்டு மத்தியானத்துக்குள் தின்றுவிடுவதுதான் வழி. மிஞ்சியதைத் துண்டுபோட்டு வைத்திருந்து, மறுநாள் நெய் விட்டு வாட்டி, மிளகாய்ப்பொடியோடு சாப்பிடலாம்.